ஆவாரம் மட்டும் மிச்சம்

ஆம்பூருக்கு மேற்கே மலையடியில் என் வண்டி நிற்கிறது. தோல் வாங்க வந்திருக்கிறேன். முனியம்மா செத்த ஆடுகளின் தோல்களை என் முன்னால் அடுக்குகிறாள். போன வருஷம் அவளிடம் இருபது ஆடுகள் இருந்தன. நாற்பதாக்கச் சொன்னவன் நான்.

மழை பொய்க்கவில்லை. நாற்பது வாய்க்கு இந்த மலைப்புல் போதவில்லை.

“இருவதுக்கு மேல மலை தாங்காதுன்னு அப்பவே சொன்னனே, சாயபு.”

“இப்ப எத்தினி இருக்குது?”

“ஏழு.”

தோலைத் தடவுகிறேன், காகிதமாய் மெலிந்திருக்கிறது. குனிந்தபடியே அடுத்ததை எடுக்கிறேன்.

மலையில் ஆடு வாய் வைக்காத ஆவாரஞ்செடி மட்டும் பூத்து நிற்கிறது. வண்டிக்காரன் அரிவாளோடு இறங்குகிறான். தோல் பதனிட அதன் பட்டையும் வேண்டுமென்று காலையில் நான்தான் சொல்லியிருந்தேன்.

செடி அடர்ந்த இடத்தை முனியம்மாவே அவனுக்குக் கைகாட்டுகிறாள்.