கதவுக்கு உள்ளே சேதுராமன்

என் கணவர் சேதுராமன் நல்லவர்தான். கேட்டதற்குப் பதில் மட்டும் சொல்லமாட்டார். "எப்போ ஊருக்குப் போறோம்?" என்று நான் வாயைத் திறந்தால் போதும், "லேபுக்கு நேரமாச்சு வல்லி" என்று கோட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிடுவார். ஜெர்மனியில், பான் நகரத்தில் அவருக்கு ரசாயன ஆராய்ச்சி. எனக்கு மூன்றாவது மாடியில் இரண்டு அறை. கும்பகோணத்தில் நான் கணக்கு டீச்சர்; சம்பளமில்லாத லீவில் வந்தவள். 1971 ஜூனில் பள்ளி திறக்கும்போது போய் நிற்காவிட்டால் வேலை போய்விடும். அதற்குள் திரும்பிவிடலாம் என்று அவர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் குளிர்காலத்தை ஓட்டினேன். அழுகை வந்தால் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். அந்த வீட்டில் எனக்கென்று இருந்த இடம் அதுதான்.

குளிக்கத் தொட்டி இருந்தது. நம் அழுக்கிலேயே நாம் ஊறிக் கிடப்பதா என்று இருவருக்கும் அருவருப்பு. தொட்டியில் துணி ஊறவைத்தோம். தரையில் வாளியை வைத்துச் சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டோம். வெள்ளிக்கிழமை எனக்கு எண்ணெய்க் குளியல் வேறு. லினோலியம் விரிப்புக்கு அடியில் இருப்பது மரம் என்று எங்கள் மண்டையில் உறைக்கவே இல்லை. மார்ச்சில் ஒருநாள், கீழே குடியிருந்த வீட்டுக்காரி ஃபிராவ் கெர்லாக் மூச்சிரைக்க ஏறி வந்தாள். அவள் சமையலறைக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதாம். தரையைச் சரிசெய்யுங்கள், இல்லையென்றால் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். "காலி பண்ணிடலாமே, எப்படியும் போகத்தானே போறோம்" என்றேன்.

"கெடுத்தது நாம. டைல்ஸ் போட்டுக் குடுத்துடணும்."

போகிற வீட்டுக்கு டைல்ஸ் எதற்கு என்று கேட்பதற்குள் கோட் கொக்கியிலிருந்து இறங்கிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை வேலையை ஆரம்பித்தார். விரிப்பை உரித்தால், தொட்டியோரப் பலகைகள் பாலில் ஊறிய ரொட்டி மாதிரி இருந்தன. மக்கியதை அறுத்து எடுத்துப் புதுப் பலகை வைத்தார். ஆடியவற்றைத் திருகாணி போட்டு இறுக்கினார். தரை அசைந்தால் டைல்ஸ் விரிசல் விடுமாம். அசைகிறதா என்று குதித்துப் பார்த்தார். ஃபிராவ் கெர்லாக் கீழேயிருந்து துடைப்பக் கட்டையால் இடித்தாள். பிறகு கனமான ப்ளைவுட் பலகைகளை அதன்மேல் பரப்பித் திருகாணி போட ஆரம்பித்தார். மரத்தூள் சமையல்கட்டுக்குள் பறக்கிறது என்று நான் கத்தியதால் கதவைச் சாத்திக்கொண்டார்.

மத்தியானம் உள்ளேயிருந்து குரல் வந்தது. "வல்லி, கதவைக் கொஞ்சம் தள்ளேன்."

தள்ளினேன். அசையவில்லை. உள்பக்கமாகத் திறக்கிற கதவு. தரை உயர்ந்துவிட்டதில் பலகை விளிம்பு கதவுக்குக் குறுக்கே நின்றது. டாக்டர் பட்டம் வாங்கிய மனிதர் தன்னையே உள்ளே வைத்துத் திருகாணி போட்டுவிட்டார்! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இந்தப் பலகையைக் கழட்டினாத்தான் வர முடியும். டைம் ஆகும்" என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது. கோட் வெளியே, என் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்தேன்.

"ஜூன்ல போறோமா, இல்லையா?"

திருகாணி சுழலும் சத்தம் மட்டும் கேட்டது.

"உங்களைத்தான். இன்னிக்கு எங்கே ஓடுவீங்க?"

சத்தம் நின்றது. "காண்ட்ராக்ட் ரின்யூ பண்ணிட்டேன் வல்லி. இன்னும் மூணு வருஷம்."

"எப்போ கையெழுத்துப் போட்டீங்க?"

"ஜனவரியில."

அப்புறமும் இரண்டு மாதம் நான் ஜூனை எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டிருக்கிறார். "என் ஸ்கூலுக்கு என்ன சொல்றது?"

"ரெசிக்னேஷன் எழுதி அனுப்பிடேன்" என்றார். மறுபடியும் திருகாணி சுழல ஆரம்பித்தது.

கதவு திறந்தபோது அவர் தலையெல்லாம் மரத்தூள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கதவின் அடிப்பக்கத்தைத்தான் பார்த்தார். அதைக் கீலிலிருந்து தூக்கிக் கழற்றி இரண்டு நாற்காலிமேல் கிடத்தினார். கையில் ரம்பம்.

"அடியில கொஞ்சம் அறுக்கணும். ஆடாம பிடிச்சுக்கோயேன்."

பிடித்துக்கொண்டேன். அழுகை வந்தது. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தால், அந்தக் கதவுதான் என் கையில் இருந்தது.