பாடு மாற்றிய அப்பாவும் முந்திக்கொண்ட மகளும்

இன்று பொன்னேரி பேருந்தில், என் எட்டு மாத வயிற்றைப் பார்த்து நகர்ந்து இடம் கொடுத்தார் ஒரு கோட்டைக்குப்பத்து அக்கா. மடியில் கைக்குழந்தை.

"கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழிச்சு, ட்ரீட்மெண்ட் எடுத்துப் பொறந்தவ" என்றார்.

நானும் அதே கட்சி. ட்ரீட்மெண்ட் குழந்தை என்றாலே கத்திதான் என்று ஆளாளுக்குச் சொல்லி என் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறார்கள்.

"ஆபரேஷனாக்கா?"

அக்கா சிரித்தார்.

"அதுக்குத்தான் தேதி குறிச்சாங்க. அன்னிக்குன்னு பாத்து ஏரியில வலை போட எங்க ஊட்டுக்காரரு முறை. பாடுன்னு சொல்லுவோம். அத்த எங்க அண்ணனுக்குக் குடுத்துட்டு, அவருக்குச் சில நாள் முந்தி வந்த முறையை இவரு வாங்கிக்கினாரு. இவ அந்த முறையன்னிக்கே வந்துட்டா! சுகப்பிரசவம். இவ நைனா இடுப்பளவு தண்ணில நிக்கிறாரு."

"ஆபரேஷன் தேதியன்னிக்கு?"

"இவளை மடில வெச்சிக்கினு சும்மா குந்தினு இருந்தாரு. அண்ணனுக்கு அன்னிக்குன்னு இறாலு அள்ளிக்கினு வந்துச்சு. ஒண்ணுகூடக் கண்ல காட்டல. புள்ள பெத்தவளுக்கு ஆகாதாம்!"

"எனக்கு ஆபரேஷன்னா இன்னாக்கா பண்றது?"

"பண்ணிக்கோ. எங்க ஓரகத்திக்கு ஆபரேஷன்தான். அவ புள்ள போடுற ஆட்டத்துல கூரையே பிச்சிக்கும் போலக்கீது."

எனக்கும் தேதி குறித்தாகிவிட்டது. அந்த ஒரு நாளுக்கு மட்டும் லீவு சொல்லியிருந்த என் வீட்டுக்காரரை, அதற்கு முந்தின வாரத்துக்கும் சேர்த்துக் கேட்கச் சொன்னேன். மேனேஜர் நம்பமாட்டாராம்.

குறித்த தேதிக்கு டிமிக்கி கொடுத்த பிள்ளைகளைப் பெற்றவர்கள் கீழே கமெண்ட்டில் கையைத் தூக்குங்கள். அப்படியே மேனேஜரிடம் காட்டச் சொல்கிறேன்.