குடலிறக்கமாக இருக்கட்டும்

இவர் குளித்துவிட்டு வந்து, ஈரத் துண்டோடு நின்றபடியே, "தொடையிடுக்குல ஒரு கட்டி மாதிரி இருக்குடி" என்றார். கல்யாணங்களுக்குச் சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுகிற மனுஷர். வலியசாலையில் எங்கள் வீட்டுக்குள் ஆள் நடக்க இடமிருக்காது, அண்டாவும் உருளியும்தான்.

"நெறி கட்டியிருக்கும். கால்ல புண் உண்டோ பார்ப்போம், உட்காருங்கோ" என்றேன். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும், எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். குதிகால், விரலிடுக்கு என்று தேடினேன். கட்டைவிரலில் அண்டா இடித்து நகம் பெயர்ந்த இடத்தில் ஒரு சின்னப் புண். அப்பாடா என்றிருந்தது. மஞ்சள் அரைத்துப் போட்டேன்.

புண் ஆறிவிட்டது. கட்டி மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது. "வலிக்கலையே, விடேன்" என்பார். "வலிச்சாத்தான் ஆஸ்பத்திரியோ? பெரிய தைரியசாலி!" என்று சண்டை போட்டுத்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் அழுத்திப் பார்த்தார். "கிடக்கும்போ உள்ளே போகுமோ?" என்று, படுத்தால் கட்டி உள்ளே போகிறதா என்று கேட்டார். இருமினால் பெரிதாகிறதா, காய்ச்சல் உண்டா, உடம்பு மெலிந்ததா என்றெல்லாம் மலையாளத்தில் விசாரித்தார். குடலிறக்கமாக இருக்கலாம். ஏதாவது கிருமியால் நெறி வீங்கியிருக்கலாம். நெறியிலேயே புற்று வந்திருக்கவும் கூடும், ஸ்கேன் எடுத்து, கட்டியில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும் என்றார். கடைசியில் சொன்னதை மட்டும் மெதுவாகச் சொன்னார். இவர் வேட்டியை இப்போதெல்லாம் இறுக்கி இறுக்கிக் கட்டுவது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

திரும்பும்போது பழவங்காடிப் பிள்ளையார் கோவில் வாசலில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். "பிள்ளையாரப்பா, இவருக்குக் குடலிறக்கமா இருக்கட்டும். நூத்தெட்டுத் தேங்காய் உடைக்கறேன்" என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டேன்.

இவர் சிரித்துவிட்டார். "ஒண்ணும் இல்லாம இருக்கட்டும்னு கேட்கப்படாதோடி?"

"சும்மா இருங்கோ. கிடைக்கிறதாப் பார்த்துத்தான் கேட்கணும்" என்றேன். பேராசைப்பட்டால் உள்ளதும் போய்விடும் என்று பயம் எனக்கு.

அதுவும் கிடைக்கவில்லை. புற்றுதான். மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, நடுவில் ஒரு மாதம் நன்றாக இருப்பதுபோலக்கூட இருந்தது. அடுத்த ஓணத்துக்கு இவர் இல்லை. பழவங்காடி வழியாக பஸ் போனால் நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வேன். கோபம்தான், வேறென்ன?

போன மாதம் எதிர்வீட்டுப் பெண் ஓடிவந்தாள். "மாமி, எங்காத்துக்காரருக்கும் அங்கதான் வீக்கம். பயமா இருக்கு, கூட வரேளா?" முடியாது என்று எப்படிச் சொல்வது? போனேன். அதே ஆஸ்பத்திரி. டாக்டர் அவள் புருஷனைப் படுக்க வைத்தார், இருமச் சொன்னார். குடலிறக்கம்தான், ஒரு ஆபரேஷன் பண்ணினால் சரியாகிவிடும் என்றார்.

"ஐயோ, ஆபரேஷனா! என் தலையெழுத்தைப் பாருங்கோ மாமி" என்று அவள் என் தோளில் சாய்ந்து அழ ஆரம்பித்தாள்.

"அசடே, அழாதே. பத்திரமா ஆத்துக்கு அழைச்சிண்டு வந்துடலாம்" என்று முதுகைத் தடவிக் கொடுத்தேன். என் வயிறு பற்றி எரிந்தது. நான் கேட்டுக் கிடைக்காதது அவளுக்குக் கேட்காமலே கிடைத்திருந்தது. அவள் அதற்குத்தான் அழுதுகொண்டிருந்தாள்.