கதேரா

நாங்கள் குடியேறிய வெரிபீயில் எங்கள் பக்கத்து வீட்டுச் சிலி நாட்டவர் போட்ட ஸ்பானிய ரொக் பாட்டில், கிதார் இரைச்சலுக்கு அடியில் அவர்களுடைய மலைநாட்டுக் குழலும் மேளமும் ஓட, ‘கதேரா’ என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. கதிரையைத்தான் பாடுகிறார்கள் என்றேன். பேத்தி சிரித்தாள். “நோ அப்பப்பா, அது இடுப்பு! ஸ்கூல்ல படிச்சனான்.”

எனக்கு அது கதிரைதான். மட்டக்களப்பில் எங்கள் பின்தெருவில், இன்று இல்லாமற்போன, போத்துக்கேய வழிவந்த பறங்கித் தச்சர் வீட்டு முற்றத்தில், ஞாயிறு பின்னேரங்களில் வயலினும் கைமேளமுமாக இதே துள்ளலோடு போத்துக்கேயப் பாட்டு எழும்பும். சீவிய தேக்குச் சுருள்கள் மிதிபட, கிழவரும் பிள்ளைகளும் சப்பாத்துத் தட்டி ஆடுவதை நான் வேலியோரம் நின்று பார்ப்பேன். ஒருநாள் தச்சரின் மனைவி டோறா அன்ரி என்னை உள்ளே கூப்பிட்டு, தங்கள் பாஷையில் ‘கதேரா’ என்று சொல்லிக் கதிரை போட்டார்.

“உங்கட கதிரையில இருந்தா அம்மா குளிக்கச் சொல்லுவா” என்றேன், எல்லோருக்கும் கேட்க. அதன் அர்த்தம் அந்த வயதிலேயே எனக்கு நன்றாகத் தெரியும்.

வயலின் நின்றது. அன்ரி குனிந்து, கவுன் நுனியால் கதிரையை அழுத்தித் துடைத்தார்.

“இப்ப இரிங்க மனே, தூசி போயிற்று.”

அப்போதும் நான் இருக்கவில்லை.