கூட்ஸ் வண்டி கடக்கும் வரை

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் என் வண்டி தாமதம். தண்டவாளத்தை ஒட்டிய கிடங்கில் இருபது பிள்ளைகள் வயலின் வாசிக்கிறார்கள். புதிதாக வந்திருக்கும் தொழிற்பேட்டையின் ஆட்கள் ஞாயிறுதோறும் சம்பளமில்லாமல் நடத்தும் இசைக்குழு இது. வாத்தியார் ஒரு ஃபிட்டர்; காக்கிச் சட்டையோடு யாருடைய வயலினிலோ அறுந்த தந்தியை மாற்றிக்கொண்டிருக்கிறார். அதனால் தாளம் போடுவது ஒரு மீனவர். பழவேற்காட்டிலிருந்து மகளை பஸ்ஸில் அழைத்து வந்தவர்.

கரி இன்ஜின் கூட்ஸ் ஒன்று வருகிறது. சுவரே அதிர்கிறது, ஒரு சுரமும் கேட்கவில்லை. நிறுத்திவிடுவார்கள் என்று நினைக்கிறேன். நிறுத்தவில்லை. அத்தனை கண்களும் மீனவரின் கையில்தான். கடைசிப் பெட்டி போனதும் பாட்டு வெளியே வருகிறது, பிசிறில்லாமல், இருபது வில்லும் ஒன்றாக.

நானும் சபாக்களில் உட்கார்ந்து தலையாட்டியவன்தான். இப்படி ஒன்றைக் கண்டதில்லை.

இடைவேளையில் வெளியே வந்த மீனவரிடம் கேட்கிறேன்: "சங்கீதம் எங்கே கத்துக்கிட்டீங்க?"

"சங்கீதமா? எனக்கு இன்னா சார் தெரியும்? காத்து அடிக்கசொல்ல கடல்ல கத்துனா எவனுக்கும் கேக்காது. கையப் பாத்துக்கினுதான் வல இழுப்போம். அத்தத்தான் இங்கியும் காட்டிக்கினு கீறேன்."

உள்ளே போகிறார். கை உயர்கிறது. இருபது வில்லும் உயர்கின்றன.