காதுக்குக் கழித்த தண்ணீர்

டோமான் முதன்முதலாகப் பார்த்தது பிரோஷ்காவின் முதுகைத்தான். மாவட்ட நீர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், நிலத்தடி நீர்மட்டம் அளக்கும் கிணறுகளைப் பார்க்க ஹொமோக்ஸேல் என்ற மணல்காட்டு ஊருக்கு வந்திருந்தான். பிரோஷ்கா ஓர் இரும்புக் குழாயின் மேல் குனிந்து, அதன் வாயோடு காதை ஒட்டவைத்தபடி, ஒரு கையை மட்டும் பின்னால் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"வாய மூடுடா எருமை! தண்ணி சொல்றது கேக்கல!"

அந்தத் திட்டு, வேலியில் கூவிக்கொண்டிருந்த சேவலுக்கு. டோமான் தனக்கு என்று எடுத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான். அவன் குடும்பத்தில் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் அவன்தான். ஆனாலும் கால் அதே மணல்காட்டுக் கால், அதட்டினால் நின்றுவிடும்.

பிரோஷ்காவுக்கு ஏழு கிணறுகள் பொறுப்பு. கிணறு என்றால் கையகலக் குழாய்தான். திங்கள்தோறும் அளவுநாடாவின் நுனியில் ஒரு பித்தளை விசிலைக் கட்டி உள்ளே இறக்குவார். விசில் தண்ணீரைத் தொட்டதும் 'கூ' என்று ஒரு சத்தம் மேலே வரும். உடனே நிறுத்தி, நாடாவில் எத்தனை மீட்டர் என்று பார்த்து எழுத வேண்டும். விசிலின் வெளிப்பக்கம் இருபது வளையங்கள் உண்டு. தண்ணீரில் முங்கிய வளையங்களில் மட்டும் நீர் தேங்கி நிற்கும். அதையும் எண்ணி எழுதச் சொல்லியிருந்தது அலுவலகம். எதற்கு என்று அவர் கேட்டதில்லை. எண்ணச் சொன்னார்கள், எண்ணினார். பத்தொன்பது வருடமாக.

அந்த விசில் அவருடைய ஏப்ரன் பையில்தான் இருக்கும். தேவாலயத்துக்குப் போனாலும் கூடவே போகும். ஊரில் மற்றப் பெண்களிடம் சாவிக்கொத்து இருந்தது. இவரிடம் மட்டும் அரசாங்க விசில் இருந்தது.

தொல்லை தொடங்கியது ஐந்து வருடங்களுக்கு முன்பு. நாலு மீட்டர் இருபதில் கூவிக்கொண்டிருந்த விசில், நாலு முப்பதில் கூவியது. அப்புறம் நாலு ஐம்பதில். தண்ணீர் இறங்கிவிட்டதோ என்று பிரோஷ்காவுக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் யார் எடுப்பது? பக்கத்துத் தோட்டத்து காஷ்பாரைக் கேட்டார். காஷ்பாருக்குப் பின்னால் மிளகாய் வயலில் நாலு தெளிப்பான்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

"கிணறா? எனக்கு ஏதுக்கா கிணறு? கோழி குடிக்க ஒரு சின்னக் குழாய் போட்டிருக்கேன், அவ்வளவுதான்."

ஊர் முழுக்க இதே பதில். கோழிக்கு என்று சொல்லிவிட்டால் யாரும் அனுமதிச் சீட்டு கேட்பதில்லை. பிரோஷ்காவின் கணவர் ஆம்ப்ருஷும் கொட்டகைக்குப் பின்னால் ஒன்று போட்டிருந்தார், பதினோரு கோழிகளுக்காக. மனிதர்கள் முகத்துக்கு நேரே சொன்னதை நம்புவதா, ஒரு நாடா சொல்வதை நம்புவதா? பிரோஷ்கா மனிதர்களை நம்பினார். சந்தேகப்பட மிச்சம் இருந்தது அவருடைய காது மட்டும்தான். அவர் அப்பாவுக்கும் ஐம்பது வயதில் காது போயிருந்தது.

ஆக, விசில் கூவிய பிறகும் கேட்காமல் நாடாவைக் கூடுதலாக விட்டுக்கொண்டிருக்கிறோம் என்று முடிவுகட்டினார். அந்தக் கூடுதலைக் கழித்துவிட்டால் சரியாகிவிடும் அல்லவா? முதல் வருடம் பத்து சென்டிமீட்டர் கழித்தார். பிறகு முப்பது, ஐம்பது, எழுபது, ஐந்தாம் வருடம் நூறு. நோட்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் 'காதுக்கு 100' என்று குறித்தும் வைத்தார், நேர்மையான மனுஷி. அலுவலகத்துக்குக் கழித்த எண் மட்டும் போயிற்று. வெளியே சொல்லவில்லை. சொன்னால் விசிலைப் பிடுங்கிக்கொண்டு, குழாய்க்குள் பேட்டரிக் கருவியைத் தொங்கவிட்டுவிடுவார்கள்.

டோமானின் வேலை மாவட்டம் முழுவதற்கும் நிலத்தடி நீரின் வரவுசெலவு போடுவது. மழையில் எவ்வளவு உள்ளே இறங்குகிறது, வேரும் வாய்க்காலும் எவ்வளவு கொண்டுபோகின்றன, மனிதர்கள் எவ்வளவு இறைக்கிறார்கள், இப்படியே எடுத்தால் எத்தனை காலம் தாங்கும் என்று கண்டு சொல்ல வேண்டும். இலையுதிர்காலத்தில் ஒரு புதன்கிழமை மதியம் ஓடி வந்தான். பிரோஷ்கா மேசையில் கணவருக்குப் பீன்ஸ் சூப் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, உங்க ஏழு கிணறும் தங்கம்! அஞ்சு வருஷமா மட்டம் அசையவே இல்ல. வரவும் செலவும் சரிக்குச் சரி. இன்னும் முந்நூறு கிணத்துக்கு அனுமதி குடுக்கலாம்னு வெள்ளிக்கிழமை ஊர்க் கூட்டத்துல சொல்லப்போறேன்."

கரண்டி பாதியில் நின்றது. முந்நூறு கிணறுகள், அத்தனையும் தன் காதை நம்பி. பிரோஷ்கா உள்ளே போய் ஐந்து நோட்டுகளைக் கொண்டுவந்து சூப் கிண்ணத்துக்குப் பக்கத்தில் போட்டார். விசிலையும் எடுத்து மேலே வைத்தார்.

"தம்பி, எனக்குக் காது கேக்காது."

"என்னக்கா?"

"உனக்குமா?"

அவர் கழித்த கதையைச் சொல்லச் சொல்ல டோமான் பக்கங்களைப் புரட்டினான். 'காதுக்கு 70' வந்தபோது முகம் வெளுத்தது. 'காதுக்கு 100' வந்தபோது பட்டம் வாங்கிய களை முழுக்கப் போய்விட்டது. திரும்பத் திரும்பப் புரட்டியவன் ஒரு பத்தியில் விரலை வைத்தான்.

"இந்த வளைய எண்ணிக்கை? இதுலயும் கழிச்சீங்களா?"

"அதுல எதுக்குக் கழிக்கணும்? எண்ணினத எழுதினேன். மூணு, மூணு, நாலு, மூணு."

"அக்கா, நீங்க லேட்டாக் கேட்டிருந்தா விசில் முழுசா முங்கியிருக்கும். இருபது வளையமும் ரொம்பியிருக்கும். உங்களுக்கு மூணுதான் நனைஞ்சிருக்கு. தொட்ட நொடியே நிறுத்தியிருக்கீங்க. உங்களுக்கு இருக்கறது வௌவால் காது!"

"இத மொதல்லயே பாத்துச் சொல்ல என்ன கேடு? அஞ்சு வருஷமா நான் செவிடின்னு பயந்து சாகறேன்."

"அலுவலகத்துக்கு வளைய எண்ணிக்கை வர்றதே இல்லக்கா. கடைசி எண்ணு மட்டும்தான் வருது."

பிரோஷ்கா மெல்லத் திரும்பினார். ஆம்ப்ருஷ் ரொட்டியைக் கிண்ணத்தில் முக்கி, மிகுந்த அக்கறையோடு தின்றுகொண்டிருந்தார்.

"இந்தாய்யா, நம்ம கோழி ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கும்?"

"வெயில் காலத்துல… கொஞ்சம் கூடத்தான் குடிக்கும்."

டோமான் அங்கேயே கணக்குப் போட்டான். ஏழு கிணறுகளைச் சுற்றி மண்ணுக்கடியில் காணாமல்போன தண்ணீரை, ஊரார் சொன்ன கோழிகளின் எண்ணிக்கையால் வகுத்தான்.

"ஒரு கோழிக்குத் தினம் அறுநூறு லிட்டர்."

"கோழியா வளக்கறீங்க, ஒட்டகமா?" என்றார் பிரோஷ்கா. ஆம்ப்ருஷ் உப்பு கேட்டார். கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் டோமான் அனுமதிப் பேச்சை எடுக்கவில்லை. கழிக்காத எண்களைச் சுவரில் காட்டினான். ஐந்து வருடத்தில் ஒரு மீட்டர் இறங்கியிருந்தது. பிரோஷ்கா எழுந்தார்.

"நான் கழிச்சு எழுதினது தப்பு. ஆனா கோளாறு என் காதுல இல்ல, உங்க கோழியில."

சிரிப்பு எழுந்தது. அறுநூறு லிட்டர் என்று டோமான் சொன்னதும் அடங்கியது.

"உங்க வீட்டுலயும் கோழி இருக்குக்கா," என்றார் காஷ்பார்.

"இருக்கு. பதினொண்ணு, கிணறோட. என் புருஷன் பேர மொதல்ல எழுதிக்கோங்க."

ஆம்ப்ருஷ் கையைத் தூக்கினார். வேறு வழி தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் காஷ்பாரின் கையும் எழுந்தது, பாதி உயரத்துக்கு.

வெளியே வந்ததும் பிரோஷ்கா விசிலை நீட்டினார். "இந்தா. வாங்கிக்க."

"வாங்கி யார்கிட்டக்கா குடுக்கறது? வேற யாருக்கு மூணு வளையத்துல கேக்குது? இனிமே காதுக்குக் கழிக்காதீங்க, அது போதும்."

இப்போது பிரோஷ்காவுக்கு ஐம்பத்தேழு வயது. ஹொமோக்ஸேலிலேயே இருக்கிறார், ஆறு கிணறுகளை அளக்கிறார். ஏழாவது போன கோடையில் வற்றிவிட்டது. அதற்கு எதிரே 'சத்தம் இல்லை' என்று எழுதுகிறார். ஆம்ப்ருஷின் கிணறு மாவட்டப் பதிவேட்டில் இருநூற்றுப் பதினாலாவது எண். அதில் மீட்டர் பொருத்தியிருக்கிறது, அவரும் பிரோஷ்காவும் மிளகாயைப் பாதி நிலத்தில்தான் போடுகிறார்கள். கோழிகள் ஒன்பது.