ஜன்னலோரத்துப் பெரட்டு

பூண்டுலோயா டவுனில் மருந்துக்கடையில் வேலை செய்யும் ஜெயந்தினி, பௌர்ணமிப் போயா விடுமுறையிலும் கடையில் நிற்பாள். அதற்கு ஈடாக ஆஸ்பத்திரி நாட்களில் லீவு வாங்கிக்கொள்வாள். புற்றுநோய் வந்த பிள்ளைகளுக்கு உதவும் சிறிய சங்கம் ஒன்று அட்டனில் இருக்கிறது. அதன் சார்பில் தேயிலைத் தோட்டத்துத் தாய்மாரோடு கொழும்புக்குப் போவதும், டொக்டர் சிங்களத்தில் சொல்வதைத் தமிழில் சொல்வதும், பிள்ளையைப் பத்திரமாகத் திரும்பத் தோட்டத்து லயத்து வீட்டில் சேர்ப்பதும் அவள் பொறுப்பு. சம்பளம் கிடையாது. பஸ்ஸில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்காக எப்போதும் பையில் நான்கு எலுமிச்சம்பழம் வைத்திருப்பாள்.

ஒன்பது வயதுப் பிரியந்திக்கு இரத்தப் புற்றுநோய். போன தடவை ஊசி போட்டு வீட்டுக்கு வந்த அன்றே லயமே திரண்டு வந்து பார்த்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரைப் போய்ப் பார்க்காவிட்டால் தோட்டத்தில் அது பகை. வெறுங்கையோடு போனால் அதைவிட மோசம். ஆளுக்கொரு பிஸ்கட் பெக்கட்டோடு வந்து, கன்னத்தைக் கிள்ளி, உச்சி மோந்துவிட்டுப் போனார்கள். நான்காம் நாள் காய்ச்சல். அடுத்த ஊசி மூன்று வாரம் தள்ளிப்போனது. இனி ஒருமுறை தள்ளக் கூடாது என்று டொக்டர் சொன்னதை, தாய் நாகலெட்சுமிக்குத் தமிழில் சொன்னவள் ஜெயந்தினிதான்.

இந்தத் தடவை சனிக்கிழமை வீட்டுக்கு வந்தார்கள். ஞாயிறு காலை ஜெயந்தினி சவர்க்காரமும் முகக்கவசமும் எடுத்துக்கொண்டு போனபோது, வாசலில் இருபத்து மூன்று பேர், கையில் பெக்கட்டுகளோடு.

"உள்ள யாரும் போக வேணாம். செவ்வாக்கெழம ரத்தம் பாக்கணும்," என்றாள்.

பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ராசம்மா இடுப்பில் கை வைத்தாள். "பொறந்தன்னைக்கு நான் தூக்குன புள்ள. எனக்கென்னா, சொறியா செரங்கா?"

"உங்களுக்கு ஒண்ணும் இல்லக்கா. சின்னச் சளியக்கூட அவ ஒடம்பு தாங்காது."

"பாக்காம போனா, நாளைக்கு நாகலெட்சுமி என் மூஞ்சில முழிப்பாளா?"

நாகலெட்சுமி வாசற்படியில் நின்று விரலைப் பிசைந்தாள். வந்தவர்களைப் போகச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

ஜெயந்தினியும் இரண்டு வருடம் கொழுந்து பறித்தவள்தான். காலையில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடும் பெரட்டில், அவர் கொப்பியில் பேர் விழுந்துவிட்டால் மனம் ஆறிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். கதவைச் சாத்தினாள். ஜன்னலைத் திறந்து, தன் கொப்பியையும் பேனையையும் பிள்ளையிடம் நீட்டினாள்.

"எல்லாரும் தண்ணி ஓடுற கானுக்கு அந்தப் பக்கம் வரிசையா நில்லுங்க. இன்னைக்குப் பெரட்டு இங்கதான். கணக்கப்புள்ள பிரியந்தி."

கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு பிரியந்தி தொண்டையைச் செருமினாள். "ராசம்மா."

"இருக்கேங்க ஐயா."

"சத்தம் பத்தல."

வரிசை சிரித்தது. ராசம்மா இன்னும் உரக்கச் சொல்ல வாயைத் திறந்தாள், இருமல்தான் வந்தது. ஒரு தடவை அல்ல, நான்கு தடவை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, யாரும் சொல்லாமலே மரக்கறிப் பாத்தி வரைக்கும் பின்னால் போய் நின்றாள்.

"பேரப் போட்டுட்டேன், அங்கயே நில்லுங்க," என்றாள் பிரியந்தி.

எல்லாரும் முடிந்த பிறகு, தாடி மழித்து, பவுடர் போட்டு, ஆடி அசைந்து வந்தார் லயத்துக் கிழவர் இராமையா.

"லேட்டு. அரை நாள் சம்பளந்தான், அரைப்பேரு தாத்தா."

"நாப்பது வருசம் வேல செஞ்சேன். ஒரு நாள் அரைப்பேரு வாங்கல."

"இப்ப வாங்கிக்கங்க."

பிஸ்கட் பெக்கட்டுகளை வாசலில் வைத்த கூடையில் போட்டுவிட்டு எல்லாரும் கலைந்தார்கள். ஜெயந்தினி ஒவ்வொன்றையும் சவர்க்காரத் துணியால் துடைத்து அடுக்கினாள். யாருக்கும் மனவருத்தம் இல்லை, இராமையாவைத் தவிர.

செவ்வாய்க்கிழமை பகல் அவருடைய போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஜெயந்தினி.

"ரத்தம் நல்லா இருக்காம். இன்னைக்கே ஊசி போடுறாங்க. லயத்துல எல்லாருக்கும் சொல்லிருங்க."

"சொல்றேன் தாயி. கணக்கப்புள்ளகிட்ட என் பேரப் பத்திக் கொஞ்சம் கேளு."

போனுக்குப் பின்னால் பிள்ளையின் குரல் கேட்டது: "அது அரைப்பேருதான்."